ஆறு மாதம் என்று சொல்லி நாலரை வருடம்: ஒரு கான்ட்ராக்ட் ஏஜென்சி அனுபவம்

இந்த ஏஜென்சியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் போடாமல் என்ன விமர்சனம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் என்னுடைய போன மாத இன்வாய்ஸ் இன்னும் அவர்கள் மேஜையில்தான் கிடக்கிறது. கிண்டிப் பக்கம், லிஃப்ட் பாதி நாள் ஓடாத ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஐ.டி. கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்ட்டில் ஆள் அனுப்புவது தொழில். சென்னையில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள் என்பதால் பெயர் தெரியாமல் போவதால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

2017-இலிருந்து இவர்கள் வழியாகத்தான் வேலை பார்க்கிறேன். முதலில் பழைய டெக்னாலஜியில் (மெயின்ஃபிரேம், அதாவது பெரிய கம்பெனிகளின் கணக்கு ஓடும் ராட்சத கம்ப்யூட்டர்), நடுவில் இரண்டு வருடம் புதியதில், இப்போது மறுபடி பழையதில். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் 2001-இல் வேலைக்குச் சேர்ந்தவள். கோவில்பட்டியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சென்னைக்கு வந்தேன். ஒய்2கே வேலைகள் (2000-ஆம் வருடத் தேதிக் கோளாறைச் சரிசெய்த வேலைகள்) ஓய்ந்துவிட்டாலும் கம்பெனிகள் மெயின்ஃபிரேம் பயிற்சி வகுப்புகளை நிறுத்தவில்லை. யாருக்கு எந்த டெக்னாலஜி என்பது பட்டியல் ஒட்டும் நாளில்தான் தெரியும். ஜாவா கிடைத்தவர்கள் அன்று சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது கோபால், ஜே.சி.எல்., டி.பி.2, சி.ஐ.சி.எஸ்., எல்லாம் மெயின்ஃபிரேம் சமாச்சாரம். ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போன் பேசும்போதெல்லாம் கோபால் கோபால் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மா பொறுக்க முடியாமல், "ஏட்டி, யாரு அந்தக் கோபாலு? நம்ம ஆளுகளா?" என்று கேட்டுவிட்டாள். 1959-இல் அமெரிக்காவில் ஒரு கமிட்டி கூடி உருவாக்கிய மொழி அது, அவளைவிட நாலு வயது இளையது என்பதை எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடும்போது எப்படி விளக்குவது?

பதினாறு வருடம் நிரந்தர வேலையில் இருந்தேன். அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது வேலையை விட்டேன். இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வேலை தேடும் தளம் ஒன்றில் ரெஸ்யூமேயைப் போட்டேன். திங்கள் காலை பத்து மணிக்கு இந்த ஏஜென்சியிலிருந்து அழைப்பு.

"மேம், ஜே.எல்.சி. தெரியுமா?"

"ஜே.சி.எல்., தம்பி."

"ஓகே மேம். அதுவும் தெரியுமா?"

இவர்களுடைய ரெக்ரூட்டர்களின் தொழில்நுட்ப அறிவைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. எட்டு வருடத்தில் பத்துப் பதினைந்து பேர் மாறிவிட்டார்கள், எல்லோரும் இருபத்தி மூன்று இருபத்தி நாலு வயதுப் பிள்ளைகள், கையில் இருக்கும் தாளில் உள்ள சொல்லும் ரெஸ்யூமேயில் உள்ள சொல்லும் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

புதன்கிழமை இன்டர்வியூ. ஒரே சுற்று, நாற்பது நிமிடம். எதிரில் இருந்தவர் உருப்படியாகக் கேட்டது ஒரு கேள்விதான்: ராத்திரி இரண்டு மணிக்கு, மொத்தமாகக் கணக்கு ஓட்டும் பேட்ச் ஜாப் ஒன்று எஸ்-ஜீரோ-சி-செவன் என்ற பிழை அடித்து நிற்கிறது, என்ன செய்வீர்கள்? எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த ரெக்கார்டில் என்று எப்படித் தேடுவேன், அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஜாபை எங்கிருந்து மறுபடி ஓட்டுவேன், காலையில் யாருக்குச் சொல்வேன் என்று வரிசையாகச் சொன்னேன். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் சென்னைக் கிளை அது. ஆகஸ்ட் 2017-இல் ஆறு மாதக் கான்ட்ராக்ட், மாதம் 1,30,000 ரூபாய். டயாலிசிஸ் நாட்களில் மதியத்துக்கு மேல் வந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

அந்த ஆறு மாதம் 2021 டிசம்பரில்தான் முடிந்தது. எட்டு முறை நீட்டினார்கள். ஏழு முறை ஆறாறு மாதம், கடைசியில் மட்டும் ஐந்து. மொத்தம் 53 மாதம்.

ஏன் நீண்டது என்பதை உள்ளே இருந்து பார்த்தால் ஆச்சரியமே இல்லை. சேர்ந்ததும் அவர்கள் சிஸ்டத்துக்குள் நுழைய ஐ.டி. கிடைக்கவே ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் சம்பளம் வாங்கிக்கொண்டு கேன்டீன் காபியை ஆராய்ந்தேன். அப்புறம் புரோகிராம் கோடு. பிரீமியம் கணக்கிடும் ஒரு புரோகிராமின் தலைப்பில் 1981 என்று தேதி போட்டிருந்தது, நான் அப்போது எல்.கே.ஜி.கூடச் சேரவில்லை. அதன் நடுவில் நாலு வரி, மேலே "இதை நீக்காதே" என்று ஒரு குறிப்பு. ஏன் நீக்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை. எழுதியவர் இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியாது. ஏழாவது மாதத்தில், வேறு ஏதோ ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு போனபோதுதான், அமெரிக்காவில் ஒரே ஒரு மாநிலத்தின் வரிக் கணக்குக்காக அந்த நாலு வரி என்று புரிந்தது. அதாவது அவர்கள் எனக்கு முதலில் கொடுத்த ஆறு மாதம் முடிந்த பிறகு. அப்போது அந்த விஷயம் தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதானோ என்னவோ. என்னை அனுப்பிவிட்டு இன்னொருவரை எடுத்தால் மறுபடி ஐந்து வாரம் ஐ.டி., ஏழு மாதம் நாலு வரி. எந்த மேனேஜரும் அந்த வேலைக்குப் போக மாட்டார்.

பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதும் இருக்கிறது. மெயின்ஃபிரேம் வேலை பெரும்பாலும் பராமரிப்புப் பட்ஜெட்டில் வரும். கரண்ட் பில் மாதிரி, வருடா வருடம் பழைய தொகையைப் பார்த்து ஒரு தொகை எழுதிவிடுவார்கள். புதிய டெக்னாலஜி வேலை பிராஜெக்ட் பட்ஜெட்டில் வரும். அதைக் காலாண்டுக்கு ஒருமுறை யாராவது எடுத்துப் பார்த்து, இது இப்போது தேவையா என்று கேட்பார்கள். இந்த ஒரு விஷயம் எனக்கு 2017-இல் தெரிந்திருந்தால் பின்னால் பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும். ஏஜென்சியில் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

இன்னொரு வேடிக்கை. வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவற்றில் கான்ட்ராக்ட் ஆள் இத்தனை மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் வருடக்கணக்காகத் தற்காலிக ஆட்களாகவே வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டு, 2000-இல் அந்தக் கம்பெனி சுமார் 9.7 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. அந்தப் பயம் இன்னும் பலரை விடவில்லை. என்னுடைய கிளையன்டிலும் இரண்டு வருடம்தான் உச்சம். 2019-இல் அது நெருங்கியபோது மேனேஜர் விதிவிலக்குக் கேட்டு மேலே எழுதினார். அதே மாடியில் மொபைல் ஆப் செய்துகொண்டிருந்த மூன்று கான்ட்ராக்ட் பிள்ளைகளுக்கு அந்த உச்சவரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நிலையே வரவில்லை. யாரும் எட்டு மாதத்தைத் தாண்டவில்லை.

2020 ஏப்ரலில் நியூ ஜெர்ஸி ஆளுநர் ஃபில் மர்ஃபி, வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு வந்து குவிந்த விண்ணப்பங்களைப் பழைய கம்ப்யூட்டர்கள் தாங்கவில்லை, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். செய்தி வந்த அன்றே ஏஜென்சித் தம்பி போன்: "மேம், நியூ ஜெர்ஸி போறதுக்கு ரெடியா?" ஊரடங்கில் நான் தெருமுனைக் காய்கறி வண்டிக்குப் போகவே மாஸ்க் மாட்டிக்கொண்டிருந்த நேரம்.

சரி, இவ்வளவு நன்றாக ஓடியதை ஏன் விட்டேன்? சம்பளம். 53 மாதத்தில் 1,30,000 என்பது 1,40,000 ஆனது, அவ்வளவுதான். ஒவ்வொரு நீட்டிப்பிலும் கேட்டேன். கிளையன்ட் ஏற்றித் தரவில்லை என்று ஒவ்வொரு முறையும் அதே பதில். 2021-இல் கிளையன்டின் அக்கவுன்ட்ஸ் பக்கமிருந்து தவறுதலாக எனக்கும் ஒரு மெயில் வந்து சேர்ந்தது. எனக்காக ஏஜென்சி அவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்தது மாதம் 2,05,000. நடுவில் நின்றது 65,000. கமிஷன் எடுப்பது தொழில், அதில் தவறில்லை. ஆனால் முதல் மாதம் இரண்டு போன் பேசியதற்கு அப்புறம் எனக்காக அவர்கள் செய்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிதத்தில் தேதியை மாற்றியது மட்டும்தான். நான் கேட்டபோது அந்த மெயிலை அழித்துவிடச் சொன்னார்கள்.

ரோஷம் வந்துவிட்டது. ஊரடங்கு நேரத்தில் ரியாக்ட் படித்தேன், வெப்சைட்டில் ஆள் பார்க்கும் திரையை, அதாவது ஃபிரன்ட்-எண்டை, எழுத உதவுவது. நான் மலிவாக வாங்கிய கோர்ஸ் கிளாஸ் காம்போனென்ட் என்ற பழைய முறையைச் சொல்லிக் கொடுத்தது, இன்டர்வியூக்களில் கேட்டதெல்லாம் 2019-இல் வந்த ஹுக்ஸ் என்ற புது முறை. பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகன்தான் யூடியூபில் தேடிக் கொடுத்து என்னைக் கரையேற்றினான். மெயின்ஃபிரேமுக்கு ஒரு சுற்று இன்டர்வியூ என்றேன் அல்லவா? ரியாக்டுக்கு ஒரு ஆன்லைன் டெஸ்ட், மூன்று சுற்று, அதில் ஒரு சுற்றில் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னப் பையன் "நீங்க ஏன் இவ்ளோ லேட்டா ஃபிரன்ட்-எண்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. அவனுக்கு நான் சொன்ன பதில் அவ்வளவு நியாயமானது இல்லை.

2022 ஜனவரியில் தொடங்கியது. முதல் கான்ட்ராக்ட் மூன்று மாதம், மாதம் இரண்டு லட்சத்தை ஒட்டி. வீட்டில் பாயசம். மார்ச் கடைசியில் முடிந்தது, நீட்டிப்பு இல்லை. ஒரு மாதம் சும்மா. மேயில் இன்னொன்று, மூன்று மாதத்தோடு இரண்டு மாதம் சேர்த்து செப்டம்பர் வரை. அப்புறம் அக்டோபரும் நவம்பரும் சும்மா. டிசம்பரில் ஒரு மூன்று மாதம். பிறகு 2023 மார்ச்சிலிருந்து ஜூன் வரை நாலு மாதம் கூலியுள்ள வேலையே கிடைக்கவில்லை, அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் எல்லாம் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். ஜூலையில் ஆறு வாரத்துக்கு ஒரு ஏ.ஐ. வேலை. ஒன்றரை மாதம் சும்மா. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒன்று.

2023 டிசம்பர் 31 ராத்திரி, பிள்ளைகள் மொட்டை மாடியில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 24 மாதத்தில் வேலை செய்தது பதினைந்தரை மாதம். சராசரி இரண்டு லட்சம் என்று வைத்தால் 31 லட்சம். விட்டுவிட்டு வந்த 1,40,000 ரூபாய் வேலையிலேயே அந்த 24 மாதமும் இருந்திருந்தால் 33,60,000. இதில் சும்மா இருந்த எட்டரை மாதம் நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். டெஸ்ட் எழுதினேன், இன்டர்வியூ கொடுத்தேன், புதிய வெர்ஷன் படித்தேன், எல்லாம் கூலி இல்லாமல். ஒரு கான்ட்ராக்ட் ரேட்டைக் கேட்டால் அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கும் புத்தி நம் எல்லோருக்கும் இருக்கிறது. புதிய டெக்னாலஜி என்றால் எட்டால் பெருக்கிப் பாருங்கள். என் கணக்கில் எட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது.

அந்த ஆறு வார ஏ.ஐ. வேலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது, அடுத்த வருடம் எல்லா மேனேஜருக்கும் ஒரு டெமோ வேண்டும். பாலிசிப் பத்திரங்களைப் படித்துக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒன்றைச் செய்தோம். நாங்கள் பயன்படுத்திய லைப்ரரி (வேறு யாரோ எழுதி வைத்த தயார் கோடு) வாரத்துக்கு ஒருமுறை மாறியது, திங்கட்கிழமை ஓடிய கோடு வியாழக்கிழமை ஓடாது. 1981-இல் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு இது தனி உலகம். டெமோ நாளில் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை என் ஐ.டி.யை முடக்கிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது டெமோதான், அது கிடைத்துவிட்டது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஏஜென்சி "ஆறு வாரம், எக்ஸ்டெண்டபிள்" என்று எழுதியிருந்தது.

இந்த எக்ஸ்டெண்டபிள் என்ற சொல்தான் எனக்கு எட்டு நாள் சம்பளத்தைப் பறித்தது. மெயின்ஃபிரேமில் இருந்தபோது ஒவ்வொரு நீட்டிப்புக்கும் பி.ஓ. (கிளையன்ட் கொடுக்கும் பர்ச்சேஸ் ஆர்டர்) தாமதமாகத்தான் வரும். ஒருமுறை 19 நாள் தாமதம். நான் பாட்டுக்கு வேலை பார்த்தேன், வந்தது, பணமும் வந்தது. அந்தப் பழக்கத்தில் 2023 பிப்ரவரி 28-ஆம் தேதி முடிய வேண்டிய கான்ட்ராக்டிலும், "தொடருங்க, பி.ஓ. வந்துக்கிட்டே இருக்கு" என்று மேனேஜர் சொன்னதை நம்பி மார்ச் 10 வரை வேலை பார்த்தேன். எட்டு வேலை நாள். பி.ஓ. வரவே இல்லை, பட்ஜெட்டை நிறுத்திவிட்டார்களாம். பி.ஓ. இல்லாமல் இன்வாய்ஸ் ஏற்க முடியாது என்று ஏஜென்சி கைவிரித்துவிட்டது. எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல். பழைய டெக்னாலஜியில் பி.ஓ. தாமதமானால் யாரோ ஒருவர் லீவில் இருக்கிறார் என்று பொருள். புதியதில் தாமதமானால் அன்றைக்கே லேப்டாப்பை மூடி வைத்துவிடுங்கள்.

கான்ட்ராக்ட் பத்திரத்தையும் கொஞ்சம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இவர்களுடையதில் கிளையன்ட் என்னை அனுப்ப 15 நாள் நோட்டீஸ் போதும், நான் விலக 45 நாள். மூன்று மாத வேலைக்கு 45 நாள் நோட்டீஸ் என்றால், சேர்ந்து ஆறு வாரத்தில் விலகுவதா என்று முடிவெடுக்க வேண்டும். நான் மூன்றாவது கான்ட்ராக்டில் சண்டை போட்டு இரண்டு பக்கமும் 15 என்று மாற்றினேன். கேட்டால் மாற்றுகிறார்கள், கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஏன் இந்தத் தம்பிகள் எப்போது பார்த்தாலும் புதிய டெக்னாலஜி வேலையையே தலையில் கட்டுகிறார்கள் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. ஏஜென்சிக்கு என் மெயின்ஃபிரேம் வேலையில் 53 மாதத்தில் முப்பது லட்சத்துக்கு மேல் நின்றிருக்கும். ரியாக்டில் கிளையன்ட் கொடுத்தது 2,40,000 என்று ஒரு மேனேஜர் வாய்தவறிச் சொன்னார், அப்படியானால் மாதம் நாற்பதாயிரம், அதுவும் விட்டுவிட்டு. லாபம் எதில் என்று குழந்தைக்கும் தெரியும். வேலையை விட்டுப் போகும்போது ஒரு தம்பி சொன்னான்: அவர்களுக்கு ஊக்கத்தொகை, ஆள் சேர்ந்தால் ஒருமுறை. நான் நாலரை வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அவனுக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். இரண்டு வருடத்தில் ஐந்து இடம் மாறினால் ஐந்து முறை. எனக்கு வந்த எல்லா ஆசை வார்த்தைகளின் ரிஷிமூலமும் அன்றைக்குத் தெரிந்தது.

பழையதாக இருந்தால் போதும், எல்லாம் வருடக்கணக்கில் ஓடும் என்று யாரும் என்னை மேற்கோள் காட்ட வேண்டாம். வெப்சைட்டில் அனிமேஷன் ஓட்டிய ஃப்ளாஷ் தெரிந்த ஒருவர் எங்கள் பழைய ஆபீஸில் ராஜா மாதிரி இருந்தார். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி அதற்கு ஆதரவை நிறுத்தியது, அவர் இப்போது பள்ளிகளுக்கு வீடியோ செய்து கொடுக்கிறார். இன்னொரு பக்கம், ரியாக்ட் மாதிரியே ஃபிரன்ட்-எண்டுக்கான ஆங்குலர்ஜேஎஸ் வந்ததே 2010-இல்தான். 2016-இல் அதைத் தலைகீழாக மாற்றி எழுதினார்கள், பழையதற்கான ஆதரவு 2021-இன் கடைசி நாளோடு முடிந்தது. அதில் எழுதிய பெரிய பெரிய ஆப்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றை இடம் மாற்றும் வேலைக்குப் போன என் தோழி ஒருத்தி ஒரே இடத்தில் இரண்டாவது வருடம் இருக்கிறாள். கம்பெனிகளின் கணக்குவழக்கு சாஃப்ட்வேரான சாப் தெரிந்தவர்களைக் கேட்டால் 2027 என்று ஒரு வருடத்தைச் சொல்வார்கள், அதன் பழைய பதிப்பான ஈ.சி.சி.க்கு வழக்கமான பராமரிப்பு அந்த வருடக் கடைசி வரைதான். அதுவரை அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. ஆக, பிறந்த தேதியைப் பார்த்துப் பயனில்லை. அது நின்றால் யாருடைய பணம் நிற்கும், அதை இன்று யாரால் தொட முடியும் என்று பார்க்க வேண்டும். ஃப்ளாஷ் நின்றபோது யாருடைய பென்ஷனும் நிற்கவில்லை.

2024 பிப்ரவரியில் திரும்பி வந்தேன், அதே ஏஜென்சி, வேறு கிளையன்ட். மெயின்ஃபிரேமில் இருக்கும் பழைய டிரான்ஸாக்ஷன்களை வெளியே மொபைல் ஆப் கூப்பிடும்படி ஏ.பி.ஐ.யாகத் திறந்துவிடும் வேலை, இசட்/ஓ.எஸ். கனெக்ட் என்ற ஐ.பி.எம். கருவியில். இந்தப் பக்கம் கோபாலும் தெரிய வேண்டும், அந்தப் பக்கம் ஃபிரன்ட்-எண்ட் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்றும் புரிய வேண்டும். எடுத்த எடுப்பில் பன்னிரண்டு மாதம், அப்புறம் இன்னொரு பன்னிரண்டு. 1,75,000 ரூபாய். நாலரை வருடம் கெஞ்சியும் ஏறாத சம்பளம், இரண்டு வருடம் ஊர் சுற்றிவிட்டு வந்ததும் ஏறியது. நஷ்டக் கணக்கு எழுதிய அந்த 24 மாதத்துக்கு இதையும் வரவில் வைக்க வேண்டும், நேர்மையாகச் சொன்னால்.

சம்பளம் ஏறியதில் ஒரு புதுத் தலைவலி வந்தது. மாதம் 1,40,000 என்றால் வருடம் 16,80,000. சம்பளம் என்று நான் சொன்னாலும் இன்வாய்ஸ் போட்டு வாங்கும் சேவைக் கட்டணம்தான் இது. சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்பது 20 லட்சத்துக்கு மேல்தான், அதனால் கவலை இல்லை. 1,75,000 என்றால் 21 லட்சம், பதிந்தே ஆக வேண்டும், 18 சதவீதம். மாதம் 31,500 ரூபாய் வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நான் கட்டிவிட வேண்டும். ஏஜென்சியோ கிளையன்ட் கொடுத்த பிறகுதான் எனக்குக் கொடுக்கும், 60 நாள், 70 நாள். அதாவது கைக்கு வராத பணத்துக்கு என் சேமிப்பிலிருந்து வரி. இதற்கு எனக்கு வழி சொன்னது அவர்களுடைய அக்கவுன்ட்ஸில் இருக்கும் அண்ணன். "உத்யம்ல பதிஞ்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உத்யம் என்பது சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. குறுந்தொழிலாக அதில் பதிந்துவிட்டால், அந்தத் தொழில்களுக்கான 2006 சட்டப்படி பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது. 2024 ஏப்ரலில் வந்த வருமான வரி மாற்றத்துக்குப் பிறகு, அப்படித் தாமதித்தால் பணத்தைக் கொடுக்கும் வரை அந்தச் செலவை அவர்கள் கணக்கில் கழிக்க முடியாது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. பதிந்து, சான்றிதழை இன்வாய்ஸோடு வைத்து அனுப்பினேன். அறுபது எழுபது என்று இழுத்தது நாற்பத்தி மூன்று, நாற்பத்தி நாலு என்று வர ஆரம்பித்தது. ஒரு நாள் முன்னதாகவும் வருவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். இந்த விமர்சனத்தில் உங்களுக்குப் பணமாக மாறக்கூடிய பத்தி இது ஒன்றுதான், சரியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

மார்க் போடச் சொன்னால்: பழைய டெக்னாலஜி தெரிந்து, பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்து, வீட்டில் கவனிக்க வேண்டியவர்கள் இருந்தால், இந்த ஏஜென்சிக்குப் பத்துக்கு ஏழு தருவேன். உங்களைக் கண்டுபிடிப்பார்கள், உள்ளே உட்கார வைப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள், அந்த மறதிதான் உங்களுக்கு வேண்டும். சம்பள உயர்வை மட்டும் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள், கொடுக்காவிட்டால் ஒருமுறையாவது உண்மையாகவே எழுந்து போங்கள். புதிய டெக்னாலஜிக்கு நாலு மார்க். அந்த வேலைக்கு ஒரு கான்ட்ராக்ட் முடியும் முன்பே அடுத்ததைப் பார்த்து வைக்கும் ஏஜென்சி வேண்டும், இவர்கள் முடிந்த மறுநாள்தான் "மேம், நீங்க இப்போ அவைலபிளா?" என்று கேட்பார்கள். அக்கவுன்ட்ஸ் அண்ணனுக்குத் தனியாக ஒன்பது. லிஃப்டுக்கு மார்க் இல்லை.

வெளியிலிருந்து கேட்பவர்கள் எல்லோரும், கோபாலை ஏ.ஐ. ஜாவாவாக மாற்றிவிடுமாமே, உங்கள் வேலை இருக்குமா என்கிறார்கள். ஐ.பி.எம்.மே 2023-இல் அப்படி ஒரு கருவியை அறிவித்தது. எங்கள் டீமிலும் இப்போது இதுபோன்ற கருவிகளைப் பயன்படுத்துகிறோம், நல்ல உதவி. அந்த நாலு வரியைக் காட்டினால் அது என்ன செய்கிறது என்று அழகாக விளக்கும். ஏன் நீக்கக்கூடாது என்று சொல்லுமா என்பதைப் பழைய கிளையன்டில்தான் போய்க் கேட்க வேண்டும், நான் அங்கிருந்து வரும்போது அந்த மாநிலத்தின் பெயரைக் குறிப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

போன வாரம் புதுத் தம்பி ஒருவன் போன் செய்தான். ஏஜென்டிக் ஏ.ஐ.யாம், எட்டு வாரம், மாதம் இரண்டரை லட்சம், உடனே சேர வேண்டும். பி.ஓ. எத்தனை வாரத்துக்கு என்றேன். "எட்டு வாரம் மேம், எக்ஸ்டெண்டபிள்" என்றான். எத்தனை வாரம் நீட்டுவார்கள், எந்தப் பட்ஜெட்டிலிருந்து, இரண்டையும் மெயிலில் எழுதி அனுப்பு, பார்க்கலாம் என்றேன். "ஷ்யூர் மேம், ஈவினிங்குக்குள்ள அனுப்பிடறேன்" என்றான். இன்னும் வரவில்லை.